வலதுபுறம், கடலுக்குள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல். எங்கள் காருக்குள் ஒருவரின் பெயர் கேட்டது. அவர் உயிரோடு இல்லை.

பயப்படாதீர்கள், விளக்கம் இருக்கிறது. நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவள். விளக்கம் இல்லாத எதையும் இந்தப் பக்கத்தில் எழுதியதில்லை. ஆனால் விளக்கம் கிடைத்த பிறகும் கையில் முடி சிலிர்த்தபடியே நின்றால் என்ன செய்வது?

முதலில் கார். அப்பாவுடையது. கதவோரமெல்லாம் உப்புக்காற்று ஏற்றிய துரு. கேசட் பிளேயர் இருந்த இடத்தில் நானே ஒரு நேவிகேஷன் ஸ்கிரீனைப் பொருத்தினேன்.

அப்பா சிரித்தார். “ராயபுரத்துலருந்து எண்ணூருக்கு ஒரே ரோடு. இதுல இன்னா வழி காட்டப் போவுது?”

“வழிக்கு இல்லப்பா. பள்ளத்துக்கு.”

இந்தச் சாலையில் ஓட்டுபவர்களுக்குப் புரியும். ஒன்று, கண்டெய்னர் லாரிகளின் முடியாத வரிசை. இரண்டு, அந்த வரிசைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பள்ளங்கள். மூன்று, வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடைகள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஒவ்வொன்றையும் மேப்பில் புள்ளி வைத்துச் சேமித்தேன். நெருங்கினால் குரல் கொடுக்கும்படி அலர்ட்டும் போட்டேன்.

அதைப் பார்த்த அப்பா, பீரோவிலிருந்து ஒரு மெமரி கார்டை எடுத்து வந்தார்.

அப்பா காசிமேட்டில் விசைப்படகு டிரைவராக இருந்தவர். முழங்கால் தேய்ந்துபோனதால் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். படகிலும் ஜிபிஎஸ் உண்டு. மீன் கிடைக்கும் இடம், வலை மாட்டிக் கிழியும் இடம் என்று எல்லாவற்றையும் பெயர் போட்டுச் சேமித்து வைப்பார்கள். பாயிண்ட் என்பார்கள். ஒருவர் ஆயுளின் கடல் முழுக்க அந்தக் கார்டில் இருக்கும்.

“இதையும் ஏத்து கண்ணு. ரோட்ல போறப்ப என் கடலும் கூட வரட்டும்.”

சனிக்கிழமை இரவு ஏற்றினேன். பள்ளங்கள் இருந்த அதே ஃபோல்டரில், படகுக்கு வைத்திருந்த சில கிலோமீட்டர் அலர்ட் தூரத்தோடு.

அந்த ஞாயிறு, காட்டுப்பள்ளிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். நான் ஓட்டினேன். பக்கத்தில் அப்பா. பின்சீட்டில் ரேவதி சித்தி, அப்பாவின் தம்பி மனைவி. சில வருடங்களுக்கு முன் சித்தப்பாவின் படகு எண்ணூர் முகத்துவாரத்துக்கு வெளியே கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள். சித்தப்பா வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு சித்தி எங்களோடுதான் இருக்கிறார்.

திருவொற்றியூர் தாண்டினோம். வலதுபுறம் கடலை மறைத்தபடி கருங்கல் தடுப்பு. இடதுபுறம் லாரிகள்.

“முன்னால் பள்ளம்,” என்றது ஸ்கிரீன், ஏற்ற இறக்கம் இல்லாத பெண் குரலில். பிறகு, “முன்னால் வேகத்தடை.” பிறகு, “வலதுபுறம், வஞ்சிரம்.”

அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். “அது என் பாயிண்ட்டு! பள்ளம்னு நெனச்சிக்கினு கூவுது பாரு.”

“வஞ்சிரம் இன்னா வெலன்னு கேளுங்க மாமா,” என்றார் சித்தி.

மூவரும் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அது சொன்னது.

“வலதுபுறம், முருகேசன்.”

சித்தப்பாவின் பெயர்.

சிரிப்பு பாதியில் நின்றது. அப்பா கையை நீட்டி எதையோ அழுத்தினார். வால்யூம் கூடிவிட்டது. கார் முழுக்க அதிரும்படி, நிதானமாக, அந்தக் குரல்: “முருகேசன். நான்கு கிலோமீட்டர்.”

“நிறுத்து,” என்றார் சித்தி.

கல் தடுப்பில் ஓர் இடைவெளி இருந்தது. அதன் எதிரே ஓரங்கட்டினேன்.

“மாமா, இது அவருதானே?”

அப்பா முன் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார். “அவன் படகு முழுகிக் கெடக்குற எடம்மா. வலை போட்டா மாட்டிக்கும். அதனால எல்லாரும் பேரு போட்டு வெச்சிக்கினு கீறோம்.”

“எல்லாரும்னா?”

“காசிமேடு பூரா.”

கடலுக்குப் போகிறவர்களிடையே அது சாதாரண வழக்கம். முழுகிய படகை முதலில் கண்டுபிடிப்பவர் பாயிண்ட் எடுப்பார், மற்றவர்களுக்கும் கொடுப்பார். படகோடு போனவரின் பெயரே இடத்துக்கும் பெயராகிவிடும். எங்கள் சித்தப்பா எத்தனையோ படகுகளின் ஸ்கிரீனில் இருக்கிறார், வலை போடக்கூடாத இடமாக. சித்தி கடலுக்குப் போனவர் இல்லை. அதனால் அவரிடம் யாரும் சொல்லவில்லை; எனக்கும் அன்றுதான் தெரியும்.

“அமாவாசைக்கு அமாவாசை நான் காசிமேட்டுக் கடல்ல பால ஊத்திக்கினு கீறேன். அவரு இங்க கீறாரு.”

“சொன்னா போவணும்னுவ. போய் இன்னா பாப்ப? தண்ணி.”

சித்தி இறங்கி அந்த இடைவெளியில் போய் நின்றார். அவருக்கு அப்பால் கடல் தகடு போலக் கிடந்தது. ஒரு படகு இல்லை. ஒரு பறவை இல்லை.

நான் ஸ்கிரீனைப் பார்த்தேன். எங்கள் காரின் அம்புக்குறி. நீலத்துக்குள் ஒரு புள்ளி. நடுவில் தூரம்: 4.0. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 3.9 ஆனது.

கார் நின்றுகொண்டிருந்தது. இன்ஜினையும் அணைத்திருந்தேன்.

இதற்கும் விளக்கம் இருக்கிறது. ஜிபிஎஸ் சிக்னல் கொஞ்சம் ஆடும். நிற்கிற காரும் மேப்பில் சில அடி நகரும். எண் மாறும் விளிம்பில் இருந்தால் 4.0 என்பது 3.9 ஆக அந்தச் சில அடி போதும். எனக்கு நன்றாகத் தெரியும்.

இருந்தாலும் ஹேண்ட் பிரேக்கை இன்னொரு முறை இழுத்துவிட்டேன்.

அப்பாவும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டார். “தூக்கிடு கண்ணு அத,” என்றார், மெதுவாக.

சித்தி திரும்பி வந்து கதவைச் சாத்துவதற்குள் நான் அந்தப் புள்ளியைத் தொட்டிருந்தேன். ‘நீக்கவா?’ என்று கேட்டது ஸ்கிரீன்.

“இத அழிச்சிடறேன் சித்தி. ஒரு நிமிஷம்.”

“கை வெக்காத.”

“இல்ல, தினம் இந்த வழியாத்தானே வரோம். ஒவ்வொரு தடவையும்…”

“சொல்லட்டும். அவரு போனதுலருந்து நம்ம வூட்டுல யாருன்னா அவரு பேர வாயத் தொறந்து சொல்லிகீறீங்களா? நீ சொன்னியா? மாமா சொன்னாரா? இது ஒண்ணுதான் சொல்லுது.”

லாரிக்காரர் ஒருவர் பின்னால் ஹாரன் அடித்தார். ‘வேண்டாம்’ என்பதை அழுத்திவிட்டு வண்டியை எடுத்தேன். நிச்சயதார்த்தத்துக்குப் போனோம், சாப்பிட்டோம். ரசம் நன்றாக இருந்ததாகச் சித்தி சொன்னார். திரும்பும்போது அந்தக் குரல் “இடதுபுறம், முருகேசன்” என்றது. இந்த முறை அப்பா ஸ்கிரீனைத் தொடவில்லை.

எதைக் கருவியில் ஏற்றுகிறோம் என்பது நமக்குத் தெரியும். அது எந்த நேரத்தில் வாய் திறக்கும் என்பதை மட்டும் எந்த மேனுவலிலும் போடுவதில்லை… வஞ்சிரம், பாறை என்று மற்ற கடல் பாயிண்ட்டுகளையெல்லாம் அலர்ட்டிலிருந்து எடுத்துவிட்டேன். ஒன்றை விட்டுவைத்தேன்.

இந்த அமாவாசைக்குச் சித்தி காசிமேட்டுக்குப் போகவில்லை. பால் செம்பை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார். என் பக்கத்தில் அப்பா. திருவொற்றியூர் தாண்டும்போது ஏதோ ஒரு வயர் தளர்ந்து, ஸ்கிரீன் சிக்னல் இல்லாமல் வாயடைத்துப் போனது. கல் தடுப்பு ஒரே மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. எந்த இடைவெளி என்று எனக்குத் தெரியவில்லை. வேகத்தைக் குறைத்தேன்.

“வலதுபுறம்,” என்றார் அப்பா. “முருகேசன்.”