பிரபாகரன் கூக்ளி பழகிய வருடம்

பிரபாகரன் கையிலிருந்து பந்து கிளம்புவதை ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியிருந்து பார்ப்பவன் நான். வெம்பக்கோட்டைக் கண்மாய்ப் பொட்டலில் எங்கள் டீமுக்கு நான்தான் கீப்பர். அவனைப் பற்றி ஊரில் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன தீபாவளி சீசனில் அவன் மனைவி ஆர்த்தி வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் அறை வெடித்துவிட்டது. அடக்கம் முடிந்தது, காரியம் முடிந்தது, பிரபாகரன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அடுத்த வாரமே பந்தைத் தூக்கிக்கொண்டு பொட்டலுக்கு வந்துவிட்டான். "பொண்டாட்டி செத்த ஈரங்கூடக் காயல, இவனுக்குப் பந்து கேக்குது" என்றார்கள்.

அவன் அம்மா குருவம்மாள் என்னைத் தெருவில் நிறுத்தினாள்.

"ஏய்யா விக்னேஷ்குமாரு, அவன் கல்லு கணக்கா இருக்கான்யா. எப்பிடியாச்சும் அழ வச்சிருய்யா. இல்லன்னா எம்பிள்ளையும் எனக்கு இல்லாமப் போயிருவான்."

நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்தது பந்து பிடிப்பது மட்டும்தான்.

லெக் பிரேக் அவனுக்கு முன்பே வரும். மற்றதையெல்லாம் செல்போனில் பார்த்துப் பழகினான். டாப் ஸ்பின் சீக்கிரமே வந்துவிட்டது. குத்தி எகிறும், ஒரு தடவை மூக்கில் வாங்கினேன். ஃபிளிப்பரை விரல் சொடுக்குவது போலப் பிதுக்கிவிட வேண்டும், தரையோடு தரையாகச் சறுக்கிக்கொண்டு வரும். கூக்ளிதான் போட்டுப் படுத்தியது. புறங்கை பேட்ஸ்மேனைப் பார்க்கிற மாதிரி மணிக்கட்டைத் திருப்பினால், வெளியே போக வேண்டிய பந்து உள்ளே வரும். மாதக்கணக்கில் மல்லுக்கட்டி அதையும் பிடித்துவிட்டான்.

"ஏலே, சூப்பர்லே! ஒனக்குச் சந்தோசமா இல்லையாலே?" என்று கத்தினேன்.

"ஒண்ணுமே தோணல. பந்தக் குடு."

பந்தை அவன் கைக்கு எறிந்தேன்.

போன மாதம் திருத்தங்கல் டீமோடு மேட்ச். ஞாயிற்றுக்கிழமைதான், ஆனாலும் சீசன் என்பதால் கம்பெனிகளில் வேலை நடந்தது. பிரபாகரன் பந்து போட்டுக்கொண்டிருக்கும்போது கிழக்கே டமார் என்று ஒரு சத்தம்.

எங்கள் பக்கம் சத்தம் கேட்டால் பேச்சே கிடையாது. அவரவர் வீட்டு ஆளுக்கு உடனே போன் போடுவோம். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் போனை எடுத்துவிட்டால் ஆள் வெளியே வந்தாச்சு என்று அர்த்தம். இரண்டு டீமும் ஓரத்தில் கிடந்த பைகளுக்கு ஓடினோம். என் அக்கா எடுத்துவிட்டாள். அப்பாடா என்று இருந்தது.

திரும்பிப் பார்த்தால் பிரபாகரனும் காதில் போனோடு நிற்கிறான். அவன் வீட்டில் இப்போது கம்பெனிக்குப் போக யார் இருக்கிறார்கள்?

"ஆர்த்தி! வெளிய வந்துட்டியா?" என்றான்.

கேட்டில் இருந்ததால் தப்பித்த ஆர்த்தியின் போன் இப்போது குருவம்மாளிடம் இருக்கிறது. "ஐயா... அம்மா பேசுறேன்யா" என்ற குரல் எனக்கே கேட்டது.

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு அழுதான். அப்படி ஒரு ஆம்பளை அழுது நான் பார்த்ததில்லை. கல்குவாரியில் வைத்த வெடிதானாம், யாருக்கும் ஒன்றுமில்லை என்று யாரோ வந்து சொன்னார்கள். அதைச் சொல்ல அவன் பக்கத்தில் குனிந்தேன்.

"அவ எடுத்துட்டான்னு நெனச்சேன்லே," என்றான்.