குழந்தையைக் காட்டினா தான் பால்

அடிபிடிச்ச பாலும் பினாயிலும் கலந்த ஒரு வாசனை... ரெண்டாம் உலக யுத்த காலத்துல எங்க ஆஸ்பத்திரிக்கு அதுதான் அடையாளம்.

(எனக்கு நூறு வயசு நெருங்குது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி டைப் பண்றா. தப்பிருந்தா அவளைத் திட்டுங்க.)

மைசூர்ல மண்டி மொஹல்லாங்கற பேட்டையில ஒரு சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரி. அப்ப மகாராஜா ஆட்சி. நான் புது நர்ஸ். ஏழைக் குழந்தைகளுக்குக் காலையில இலவசப் பால் ஊத்தறது என் டியூட்டி.

குழந்தையே இல்லாதவங்க கூட செம்போட வந்து நிப்பாங்க. அந்தப் பால் நேரா காபி ஓட்டலுக்குப் போயிடும். அதனால குழந்தையைக் கண்ணால பாத்துட்டுத்தான் பால்னு ரூல் வந்தது. சும்மா இருப்பாங்களா நம்ம ஜனங்க? பக்கத்து வீட்டுக் குழந்தையை இரவல் வாங்கிட்டு வந்தாங்க!

நாங்களும் விடல. பால் ஊத்தினதும் குழந்தையோட குதிகால்ல ஊதா மருந்து தொட்டு வெப்போம். அதே குழந்தை அன்னைக்கு மறுபடி வந்தா மாட்டிக்கும். மாட்டினா பால் லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துடுவோம்.

ஒருநாள் குப்பம்மா மாட்டினா. கொள்ளேகால் பக்கத்துலேர்ந்து பிழைக்க வந்தவ. தினமும் தன் பெண் குழந்தையோட வருவா. அன்னைக்கு இடுப்புல வேற குழந்தை. அதோட காலைப் புடவைத் தலைப்பால இறுக்கிச் சுத்தியிருந்தா. பிரிச்சா... ஊதா. ஈரம் கூடக் காயல.

"எம்புள்ளைக்குக் காச்சலுங்க நர்சம்மா. தூக்கினா கண்ணு சொருகுதுங்க. புள்ளையக் காட்டாம பாலு தர மாட்டீங்களே..."

மாட்டினவங்க எல்லாரும் சொல்ற கதைதான். எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்தது. பால் செம்பை நானே எடுத்துக்கிட்டு, "நடங்க, பாக்கலாம்"னு கூடவே போனேன். பொய்யை நேருக்கு நேர் பிடிக்கணும்னு வீம்பு.

சாக்குத் தொங்கற வாசல். உள்ள நிஜமாவே கிடந்தது குழந்தை. உதடு வெடிச்சு, அழக்கூடத் தெம்பில்லாம. கரண்டியில கொஞ்சம் கொஞ்சமா நானே ஊட்டினேன். அப்புறம் டாக்டரை அனுப்பினேன். பிழைச்சுக்கிச்சு.

திரும்பினதும் மேட்ரன், "ரூல் தெரியாதா உனக்கு?"ன்னாங்க.

"குழந்தையைப் பாத்துட்டுத்தான் குடுக்கணும். பாத்துட்டுத்தான் குடுத்தேன் மேடம்."

அவங்களுக்கே சிரிப்பு வந்துடுச்சு. "சரி, வர முடியாத குழந்தைங்க வீட்டுக்கெல்லாம் இனிமே நீயே போ!"

அப்படித்தான் தெருத் தெருவா நடந்தேன். குழந்தைக்கு முடியலைன்னு சொன்ன பல வீட்டுல குழந்தையே இருக்காது, பேரை எடுத்துட்டு வருவேன். இருக்கற வீட்டுல பாலை வெச்சுட்டு வருவேன். ஏமாத்தறவங்களும் குறைஞ்சாங்க.

இப்ப எங்க வீட்டுல சமைக்கிற ரத்னம்மாவோட மாமியாருக்கு முதியோர் பென்ஷன் நின்னு போச்சு. உயிரோட இருக்கறதை மெஷின்ல விரல் வெச்சுக் காட்டணுமாம். கிழவி படுத்த படுக்கை. ரத்னம்மா எத்தனையோ தடவை பென்ஷன் ஆபீசுக்குப் போய்ச் சொல்லியாச்சு. "ஆளைக் கூட்டிட்டு வாங்கம்மா"ங்கறாங்க.

போலி ஆளுங்களைத் தடுக்கத்தானாம். நல்ல ரூல்தான், நான் குறை சொல்லல.

ஆனா கிழவி படுத்திருக்கற வீடு, அந்த ஆபீசுக்குப் பின் தெரு. இன்னும் ஒருத்தரும் போய்ப் பாக்கல.