அன்லிமிடெட் முதலாளி

நேற்று கைப்பேசிக்கு ஒரு விளம்பரம் வந்தது: 'உண்மையான அன்லிமிடெட்!' அப்படியானால் இத்தனை நாள் விற்றது என்னவாம் என்று சிரித்துவிட்டேன். கூடவே என் பழைய முதலாளியின் நினைவும் வந்தது. அறந்தாங்கியில் கேபிள் டிவியோடு இணைய இணைப்பும் கொடுத்துவந்தார். புகார் போனை எடுப்பது என் வேலை. அவருடைய நோட்டீஸ்களில் 'அன்லிமிடெட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வேகம் ஆமையாகிவிடும் என்பது மட்டும் எந்த மூலையிலும் இருக்காது. கேட்டால், "லைன் கட்டாகுதா? இல்லைல்ல? அப்ப அது அன்லிமிடெட்தாம்மா" என்பார். சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி தெரியும். அதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வராது.

அவர் கவுன்சிலர் தேர்தலில் நின்றபோது அந்தச் சொல்லும் நோட்டீஸிலிருந்து போஸ்டருக்குத் தாவியது. 'அன்லிமிடெட் சேவைக்கு உங்கள் ஓட்டு' என்று தெருவெல்லாம் கைகூப்பி நின்றார். இந்தச் சேவைக்கு எந்த அளவில் வேகம் குறையுமோ என்று அலுவலகத்தில் நாங்கள் கிண்டலடிப்போம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வாடிக்கையாளரான ஒரு அக்கா வீட்டில் காதுகுத்து. அவருடைய கணவர் குவைத்தில் இருந்தார். மகள் பிறந்ததிலிருந்து அவளை வீடியோவில் மட்டுமே பார்த்தவர். இந்தமுறையும் லீவு கிடைக்கவில்லை. அதனால் வீட்டு டிவியிலேயே வீடியோ கால் போட்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன், ஓட்டுக் கேட்கும் சாக்கில் முதலாளியும் வந்திருந்தார். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தது. ஆசாரி ஊசியை எடுத்தார். டிவியில் அப்பா, வாய் திறந்தபடியே அசையாமல் நின்றுவிட்டார்.

நடந்தது இதுதான். வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் சந்தனம், கற்கண்டோடு வைஃபை பாஸ்வேர்டையும் கொடுத்து உபசரித்திருக்கிறார்கள். அன்லிமிடெட்தானே என்ற தைரியம். "நல்ல நேரம் முடியப்போவுது" என்று ஆசாரி அவசரப்படுத்தினார். "அவுக பாக்காம ஊசி வைக்கக் கூடாது" என்று அக்கா மறித்து நின்றார். நான் மெல்ல, "லைன் கட்டாகலக்கா, ஸ்பீடுதான் கொறைஞ்சிருக்கு" என்றேன்.

அக்கா என்னை விட்டுவிட்டு முதலாளி பக்கம் திரும்பினார். "ஏண்ணே, மீல்ஸுக்கு ஒக்கார வச்சுட்டு ஒவ்வொரு பருக்கையா வச்சா, அதுக்குப் பேரு அன்லிமிடெட் மீல்ஸா?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. முதலாளிக்கு வேர்த்துவிட்டது. அங்கிருந்த தலைகளெல்லாம் ஓட்டாகத் தெரிந்திருக்க வேண்டும். "தொறந்து விடும்மா! இந்த வீட்டுக்கு மட்டுமில்ல, தெரு முழுக்க!" என்று எனக்குக் கட்டளையிட்டார். பிறகு என் காதருகே குனிந்து, "தேர்தல் முடியிற வரைக்கும்" என்றார். மனிதர் அப்போதும் அந்தச் சொல்லுக்குப் புதிதாக ஒரு பொருள் கண்டுபிடித்துவிட்டார்.

நான் கைப்பேசியிலேயே வேகத்தைத் திறந்துவிட்டேன். குவைத் அறை உயிர்பெற்றது. உடன் தங்கியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஆசாரி ஊசியைக் காதருகே கொண்டுபோனார், குழந்தை வீறிட்டது. எல்லோரும் டிவியைப் பார்த்தோம். படம் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. அதில் அந்த அப்பா, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கையை எடுங்க! இதுக்குத்தானே இம்புட்டு சண்டை போட்டேன்!" என்று அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.