கடைமடைக்கு முதல் தண்ணீர்

கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் ஊர். ஏரிக்கால்வாய் போய் முடிகிற கடைசி வயல் எங்களுடையது. போன மாசியில் ஏரி வற்றிக்கொண்டிருந்தது. மிச்சத் தண்ணீர் எல்லோருக்கும் போதாது. அப்படிப்பட்ட வருஷங்களில் மேல்மடைக்காரர்கள் முதலில் பாய்ச்சி முடிப்பார்கள், எங்களுக்குச் சேறுகூட வராது. இந்த முறை கடைமடைக்குத்தான் முதலில் என்று ஊர்க்கூட்டத்தில் சண்டை போட்டு வாங்கியவள் நான். என் வாய் அப்படி.

விடியற்காலையில் என் வீட்டுக்காரர் மதகைத் திறந்துவிட்டு அங்கேயே காவலுக்கு நின்றார். வேங்கிக்காலில் நான் வேலை பார்க்கிற ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு நான் தண்ணீரோடு நடந்தேன். வழியில் எவனாவது கரையை வெட்டினால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கத் தயாராகத்தான் போனேன். ஆனால் தண்ணீருக்கு அவசரமே இல்லை. சருகுகளைத் தூக்கிக்கொண்டு, வெடிப்புகளில் நின்று நின்று, தூக்கக் கலக்கத்தில் எழுந்த குழந்தை மாதிரிப் போனது. பனிமூட்டத்தில் தூரத்து மலை இருந்தும் இல்லாமலும் தெரிந்தது. நான் நடக்கிறேனா, தரைதான் நகர்கிறதா என்றே புரியவில்லை. என்னவோ சுகமாக இருந்தது.

பாதி வழியில் ஒருவர் கால்வாய்க்குள் குனிந்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் என்னோடு மல்லுக்கு நின்ற மேல்மடைக்காரர். வந்ததே எனக்குக் கோபம்! கிட்டே போய்ப் பார்த்தால், நண்டு வளை ஒன்றின் வழியாக அவர் வயலுக்குள் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அதைத்தான் சேறு வைத்து அடைக்கிறார். அவர் நெல்லும் பால் பிடிக்கிற பருவம். தரை பிளந்து கிடந்தது.

"உங்க வயலும் காயுதேங்க," என்றேன்.

"இது உங்க தண்ணிங்க. மிச்சமிருந்தா எனக்கு விடுங்க," என்றார். நிமிரவே இல்லை.

மிச்சம் இருக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குப்பிறகு எப்படி நடந்தேன் என்று நினைவில்லை. எங்கள் வயலில் தண்ணீர் இறங்கியதும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பாதி வயல் நனைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த மனிதரின் குனிந்த முதுகு கண்ணைவிட்டுப் போகவில்லை. வந்த தண்ணீரை மேட்டுக்குத் திருப்ப முடியாது; ஏரியில் இருப்பதைத்தான் நிறுத்த முடியும். போன் போட்டேன்.

"மதகை அடைச்சிடுங்க. மீதி அவருக்கு இருக்கட்டும்."

"நம்ம வயல் இன்னும் பாதி காயுதே," என்றார் வீட்டுக்காரர்.

"அவருதும்தான் காயுது."

பிறகு மதகுத் திருகு கிறீச்சிடுவது போனில் கேட்டது. கால்வாயில் தண்ணீர் மெலிந்துகொண்டே வந்து நின்றது. எனக்கு அழுகை முட்டியது. நியாயம் கேட்ட வாய்தானே, இப்போது அனுபவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அறுவடையில் எங்களுக்குப் பாதி நெல். அவருக்கும் பாதிதான். அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய்.