சீனத்து வாயும் குடவாசல் பேச்சும்

கேபிள் டிவி நடத்துகிறவனுக்கு ஊரில் இரண்டு பெயர். படம் தெரிந்தால் "தம்பி". தெரியாவிட்டால் வைக்கிற பெயரை அச்சில் ஏற்ற முடியாது. நீங்களும் ஏதாவதொரு தொழிலில் வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்தானே, உங்களுக்குப் புரியும். ஊரெல்லாம் டிஷ் ஆண்டெனா முளைத்த காலத்தில் குடவாசலில் நானும் ஒன்றை மாடியில் நட்டேன்.

ஊமைப் படம்

ஞாயிறு மதியம் பழைய சீனச் சண்டைப் படம் போடுவேன். ஒருநாள் கேசட்டில் சத்தமே இல்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்த பஷீர், கேபிளில் அறிவிப்புச் சொல்ல நான் வைத்திருந்த மைக்கைப் பிடுங்கினான். எதிர் மளிகைக்கடை ராவுத்தரின் மகன். டிரைவர் வேலை என்று சவுதிக்குப் போனவனை அங்கே ஆடு மேய்க்க விட்டார்கள்; போன வேகத்தில் திரும்பிவிட்டான். அவனை அனுப்ப வயலை விற்ற அத்தா ராவுத்தர் அன்றிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பாவம், என் ஆபீஸிலேயே கிடந்தான்.

திரையில் யார் வாயைத் திறந்தாலும் பஷீர் பேசினான். வில்லன், கதாநாயகி, கிழட்டு குரு, குதிரை எல்லாம் அவனே. எழுதி வைத்தது ஒன்றும் கிடையாது. அங்கே வாய் மூடும் இடத்தில் இங்கே வசனம் முடியும். யப்பா, என்ன மனுஷன் இவன் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். எதிர்க்கடை டிவியிலும் அதே படம்தான். ராவுத்தர் சிரிக்கவில்லை, டிவியை அணைக்கவும் இல்லை. மறுநாள் மாவு மில் ராஜாத்தி அக்கா சொன்னார்: "சீனாக்காரனும் நம்மள மாதிரிதான் பேசுறான் தம்பி, இத்தனை நாள் தெரியாம போச்சே!"

முறைத் தண்ணீர்

அதன்பிறகு ஞாயிறுதோறும் படத்தின் சத்தத்தை அணைத்துவிட்டு மைக்கைப் பஷீரிடமே கொடுத்தேன். வாய்க்கால் தண்ணீருக்கு ஊரில் இரண்டு பேர் மோதிக்கொண்ட வாரம். படத்தில் இரண்டு கிழவர்கள் வாளோடு நின்றார்கள். பஷீர் விடுவானா? "உன் முறை விடியக்காலையோட முடிஞ்சுது, மடையை அடைடா!" "கடைசி வயல் இன்னும் நனையலடா!" ஒருவன் கூரைக்குத் தாவியதும், "பேசிக்கிட்டிருக்கும்போது ஏன்டா ஓட்டு மேல ஏறுற?"

மோதிக்கொண்டவர்களில் ஒருவர் மறுநாள் மண்வெட்டியோடு மாடி ஏறி வந்தார். நான் மேஜைக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் சொன்னது: "அந்த வெள்ளைத்தாடி நான்தானே? அடுத்த வாரம் என்னை ஜெயிக்க வைங்க."

நடுக்காட்டில் போன்

மைக்குக்குப் பக்கத்திலேயே டெலிபோன். மூங்கில் காட்டில் கதாநாயகன் வாளை ஓங்கியபோது அது அடித்துத் தொலைத்தது. ஊர் முழுக்கக் கேட்டது. பஷீர் அசரவில்லை. கதாநாயகன் குரலிலேயே, "இருடா, போன் வருது, பேசிட்டு வந்து வெட்டுறேன்" என்றான்.

எடுத்தால் துபாய். நம் தெருக்காரர், வீட்டில் போன் இல்லாததால் என் ஆபீஸுக்குத்தான் கூப்பிடுவார். "ஆளைக் கூட்டியாரட்டுமா?" என்றேன். அவர் சொன்னார்: "வேணாம் தம்பி. ரிசீவரை மைக்கு பக்கத்துல வைங்க, கொஞ்ச நேரம் நம்ம ஊரைக் கேட்டுக்கிறேன்."

ரிசீவரை மைக்கோடு ஒட்டி வைத்தேன்.

மைக்கை வாங்கியவர்

ஒரு ஞாயிறு, படத்தில் கிழட்டு குரு தன் சீடனை வீட்டைவிட்டு விரட்டுகிறார். கை வாசலைக் காட்டுகிறது, வாய் அசைகிறது. பஷீரிடம் சத்தமே இல்லை. இடித்துப் பார்த்தேன். மைக்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். ராவுத்தர்! என் படியை ஒருநாளும் மிதிக்காதவர். மூச்சு வாங்க டிவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், மைக்கை வாங்கினார். குரு மறுபடி வாயைத் திறந்தார். ராவுத்தர் பேசினார்: "ஏன்டா வாசல்லயே நிக்கிற? உள்ள வா, சோறு ஆறுது."

மண்டியிட்டிருந்த சீடனின் வாய் அசைந்தது. பஷீர் விம்மிக்கொண்டே, "வர்றேன் அத்தா" என்றான். இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள். மிச்சப் படம் ஊமையாகவே ஓடியது. ராஜாத்தி அக்கா மட்டும் படியேறி வந்தார்: "கிழவன் கை 'வெளியே போ'ங்குது, வாய் 'உள்ள வா'ங்குது. அது கிடக்கட்டும் தம்பி, பஷீர் சாப்பிட்டுச்சா?"

இத்தனை வருஷத் தொழிலில், பாதிப் படத்துக்குச் சத்தமே வராமல் போயும் ஒருத்தர்கூட என்னைத் திட்டாத ஒரே ஞாயிறு அதுதான்.