லியோ நடக்காத எட்டாயிரம் அடி

நாய் நடத்தும் வேலைக்குப் போகிறாள் என்று யாராவது யமுனாவைப் பற்றிச் சொன்னால் அவளுடைய அப்பா பிச்சமுத்து உடனே திருத்துவார். "நடத்துறது இல்லீங்க, மேய்க்கிறது. எங்கப்பன் ஆடு மேய்ச்சான். நான் ரைஸ் மில்லுல மூட்டை தூக்குறேன். எம் பொண்ணு மூணு வருசம் காலேஜ் போயி நாய் மேய்க்குது." சிரித்துக்கொண்டேதான் சொல்வார். மண்ணச்சநல்லூரில் அவர்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள். அதனால் கேட்கிறவர்களும் சிரிப்பார்கள், கொஞ்சம் நிம்மதியோடு.

யமுனா படித்தது விலங்கியல். எழுதிய தேர்வுகள் எதுவும் கைகொடுக்காததால் விடிகாலை பஸ்ஸில் ஸ்ரீரங்கம் வந்துகொண்டிருந்தாள். அம்மாமண்டபம் ரோடு பக்கம் ஓர் அபார்ட்மெண்டில் அவளுக்கு இரண்டு நாய்கள். முதல் மாடி நவநீதனுடைய சில்லு, இரண்டு வயது பீகிள். ஒரு மணி நேரம் ஓடவிடாவிட்டால் சோபாவைக் கிழித்துவிடும். மூன்றாம் மாடி சித்ராதேவி வீட்டு லியோ, பதினோரு வயது லாப்ரடார். அதை அவள் 'பெரியவரே' என்றுதான் கூப்பிடுவாள்.

லியோவின் கழுத்துப்பட்டையில் ஒரு நீல வில்லை தொங்கும். நாய் எத்தனை அடி எடுத்துவைத்தது என்று எண்ணி, டொரன்டோவில் இருக்கும் சித்ராதேவியின் மகன் ராஜ்மோகனுக்கு அனுப்பும். லியோவை வாங்கியவன் அவன்தான். அவன் ஊரைவிட்டுப் போனபோது அதற்கு மூன்று வயது. தான் அழைத்துப்போன தூரத்தை மனதில் வைத்து ஒரு நாளைக்கு ஆறாயிரம் அடி என்று விதித்திருந்தான். நாய்க்கு வயதானது. விதி அப்படியே இருந்தது.

ஆடி மாதம் லியோ எழுந்திருக்கும் விதம் மாறியதை யமுனா கவனித்தாள். முன்னங்கால்களை ஊன்றி, உடம்பை இழுத்து, பின்பகுதியைக் கடைசியாகத் தூக்கியது. மில்லிலிருந்து வந்து உட்கார்ந்த அப்பா சாப்பிட எழுவதும் இப்படித்தான். அன்றே சொல்லிவிட்டாள்.

"மேடம், பெரியவருக்கு இடுப்பு வலிக்குது போல. வயசான நாய்க்கு ஒரே மூச்சுல இவ்வளவு வேணாங்க. பத்துப் பத்து நிமிசமா மூணு வேளை, தார் ரோட்ல இல்லாம மண்ணுல நடந்தா போதும். டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டிரலாம்."

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்மா. ஆனா மோகன் ஒத்துக்க மாட்டான். நடை குறைஞ்சா நாங்க கவனிக்கலன்னு கத்துறான். உனக்கு முன்னாடி இருந்தவனை நிறுத்தினதே அதுக்குத்தான்."

மறுநாள் ஆற்றங்கரையில் யமுனா லியோவின் வில்லையைக் கழற்றி சில்லுவின் கழுத்தில் மாட்டினாள். லியோவைப் புங்கமர நிழலில் படுக்கவைத்துவிட்டு சில்லுவோடு ஓடினாள். லியோவுக்குக் காவல் இருந்த டீக்கடை சவரிராயனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஆள் மாறாட்டம் கேள்விப்பட்டிருக்கேன் பாப்பா. நாய் மாறாட்டம் இப்பத்தான் பாக்குறேன். பரீட்சை எழுதுறது ஒருத்தன், பாஸாவுறது இன்னொருத்தனா?"

அன்று எட்டாயிரம் அடி. டொரன்டோவிலிருந்து பாராட்டு வந்தது. "இந்த வயசுலயும் என்னமா ஓடுறான் பாரேன்!" என்று சித்ராதேவி பூரித்துப்போனார். லியோவைக் காப்பாற்றிவிட்டதாக யமுனா நினைத்தாள். முதலாளியம்மாவோடு வாதாட வேண்டிய சங்கடத்திலிருந்து தன்னையும் காப்பாற்றிக்கொண்டோம் என்பதை நினைக்கவில்லை. நினைத்திருந்தால் இன்னொரு முறை வாய்திறந்து கேட்டிருப்பாளோ என்னவோ.

நான்கு மாதம் தினமும் இப்படியே ஓடியது. கார்த்திகையில் லியோ சாப்பாட்டை ஒதுக்கியது. முதுகைத் தொட்டால் உறுமியது. டாக்டர் அற்புதசாமியிடம் தூக்கிப்போனார்கள், யமுனாவும் கூடப் போனாள். டாக்டர் பின்னங்காலைப் பிடித்து மெல்ல மடக்கிப் பார்க்கத் தொடங்கினார். அதற்குள் சித்ராதேவி, மகன் அனுப்பிய கணக்கைக் காட்டப் போனை நீட்டினார்.

"கால்ல ஒண்ணுமில்ல டாக்டர். தினம் எட்டாயிரம் அடி நடக்கிறான், பாருங்க."

டாக்டர் காலை விட்டுவிட்டார். "இவ்வளவு நடக்கிற நாய்க்கு இடுப்புல பெருசா ஒண்ணும் இருக்காதும்மா. வயித்துக்கு மருந்து தரேன்."

லியோ யமுனாவைப் பார்த்தது. அவள் தரையைப் பார்த்தாள்.

மூன்று நாள் வயிற்று மருந்து ஊற்றினார்கள். நான்காம் நாள் காலை அவள் போனபோது, எழ முடியாத லியோ படுத்த இடத்திலேயே சிறுநீர் கழித்திருந்தது. தப்பு செய்ததுபோல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. ஸ்பீக்கர் போட்ட போனில் ராஜ்மோகன் பேசிக்கொண்டிருந்தான்.

"மேடம், அந்த எட்டாயிரம் லியோவோடது இல்லைங்க. சில்லுவோடது. நான்தான் மாத்தி மாட்டினேன்."

சித்ராதேவி ஸ்பீக்கரை அணைக்க மறந்தார். "நாலு மாசமா ஏமாத்தியிருக்கா!" என்று டொரன்டோ கத்தியது. "அவளை முதல்ல வெளிய அனுப்புங்கம்மா!"

"படிச்ச பொண்ணுன்னுதானேடி நம்பினேன்?" சித்ராதேவியின் குரல் உடைந்தது.

படித்ததால்தான் அந்த வலி அவளுக்குத் தெரிந்தது. எண்களைக் காட்டினால் எல்லோரும் வாயடைத்துப் போவார்கள் என்பதும் படித்ததால் தெரிந்ததுதான். "எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மிச்சத்தை அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் வெள்ளைச்சாமி போனில் சொன்னார். இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்துபோயிருக்கிறதாம். நாலு மாதம் முன்னால் மருந்து தொடங்கியிருந்தால் இவ்வளவு முற்றியிருக்காதாம். இப்போது அவர்தான் லியோவை நடத்துகிறார். "டாக்டரு சீட்டுலயே எழுதிக் குடுத்துட்டாரும்மா. பத்துப் பத்து நிமிசம், மூணு வேளை, மண்ணுல. ஓடவே கூடாதாம், ஓடினா அவ்வளவுதானாம்."

நவநீதனும் அவளை நிறுத்திவிட்டான். "தப்பா எடுத்துக்காதீங்க. பிளாட் முழுக்கத் தெரிஞ்சுபோச்சு."

மார்கழியில் வேறொரு வீட்டில் வேலை கேட்க ஸ்ரீரங்கம் வந்தாள். அம்மாமண்டபம் ரோடு முழுக்க ஐயப்ப பக்தர்களின் பஸ்கள். எதிர்ப்பக்கம் வெள்ளைச்சாமியும் லியோவும் மெல்ல வந்துகொண்டிருந்தார்கள். லியோ நின்றது. மூக்கைத் தூக்கியது. வால் பலமாக ஆட, முன்னங்கால்கள் பாய்வதற்கு எழும்பின. வெள்ளைச்சாமியின் கையில் சங்கிலி விறைத்தது.

யமுனா சட்டென்று ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"வாடா. யாருமில்லடா அங்க" என்று வெள்ளைச்சாமி இழுப்பது கேட்டது. லியோ நகரவில்லை, முனகியது. காற்று அவள் பக்கமிருந்து சாலைக்குக் குறுக்கே வீசிக்கொண்டிருந்தது. பஸ்களின் மறைவிலேயே, தன் வாசனை எட்டாத தூரத்துக்கு, அவள் பின்வாங்கி நடக்கத் தொடங்கினாள்.