கரடிக் குட்டி எங்கே என்று கேட்டேன்

காலை ஐந்து இருபதுக்குத் தம்பானூர் பஸ் நிலையத்தில் விதுரா பஸ் ஏறினேன். டிக்கெட் நாற்பத்தெட்டு ரூபாய். நான் பல் கட்டும் கூடத்தில் வேலை செய்கிறவள். தேன்கரடிக்கு மேல்வரிசையில் நடுப்பல் இரண்டு கிடையாது, அந்தச் சந்து வழியாகத்தான் கறையானை உறிஞ்சுகிறது என்று எங்கோ படித்ததிலிருந்து அதைக் காட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மார்ச் மாதம், குட்டிகள் வெளியே வரும் காலம். வனத்துறை அனுமதிச் சீட்டு பையில் இருந்தது.

ஏழேகாலுக்கு விதுரா. அங்கிருந்து ஆட்டோ, இருநூறு ரூபாய். போன ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

வழிகாட்டி சுபத்ரா, அந்தக் காட்டுப் பழங்குடியான காணிக்காரப் பெண். என் வயதுதான் இருக்கும். சிரிக்கவே இல்லை. சீட்டை இரண்டு தடவை படித்தாள், பிறகு என் செருப்பைப் பார்த்தாள்.

"தனியாத்தான் வந்ததா சேச்சி?"

"ஆமா. குட்டி இருக்கிற குகை பக்கத்துலயா?"

அவள் முன்னால் நடந்தாள்.

எட்டேமுக்காலுக்கு உடைந்த கறையான் புற்று ஒன்றைக் காட்டினாள். நீள நகம் கீறிய தடம் இருந்தது. ஆனால் மண் காய்ந்து கிடந்தது. போன வருஷம் இங்கே வந்துபோன என் தோழி எடுத்த படத்தில் இருந்ததும் இதே புற்றுதான் என்று சந்தேகம் தட்டியது. குட்டி எங்கே என்று இன்னும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். பத்து மணிக்குச் சாய்ந்து கிடந்த வேங்கை மரத்தைத் தாண்டினோம். பதினொன்றுக்கு மறுபடி அதே மரம்.

"சுபத்ரா, என்னை வட்டமா சுத்த வைக்கிறீங்க. இங்கே கரடியே கிடையாது, அப்படித்தானே?"

அவள் நின்றாள்.

"வந்ததுலேந்து மூணு தடவை குட்டி எங்கேன்னு கேட்டாச்சு. போன வேனல்ல ஒருத்தன் வந்தான். இதே மாதிரி நல்லாப் பேசினான், சீட்டும் வச்சிருந்தான். குகையைக் காட்டிக் கொடுத்தேன். அடுத்த வாரம் குட்டி ரெண்டையும் காணோம். தாய் ரெண்டு நாளு பாறையைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. அந்தச் சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு."

முகம் சுட்டது. ஆனாலும், சமாளிக்கக் கதை கட்டுகிறாளோ என்ற நினைப்பு முழுதாகப் போகவில்லை.

அவள் பின்னாலேயே நடந்தேன். பன்னிரண்டே காலுக்கு ஓடைக்கு எதிர்க்கரையில் ஒரு சத்தம். அடைத்த குழாய் காற்றை இழுப்பதுபோல் உறிஞ்சல், நடுவில் புஸ்ஸென்று ஊதல். சுபத்ரா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள்.

புதருக்குள்ளிருந்து கறுப்பாக வந்தது தாய். முதுகில் இரண்டு குட்டிகள், பிடரி மயிரைக் கொத்தாகப் பற்றிக்கொண்டு. அங்கிருந்த புற்றில் தாய் தலையை நுழைத்ததும் ஒரு குட்டி சறுக்கி விழுந்தது. தாய் அசையாமல் நின்றது. குட்டி காலைப் பற்றி, விலாவைப் பற்றி, தட்டுத்தடுமாறி மேலே ஏறியது. பிறகுதான் தாய் மறுபடி உறிஞ்சியது.

"மார்கழியில பெத்தது," சுபத்ரா காதோரம் சொன்னாள். "ரெண்டு மாசமா அது சரியா வயிறு நிறைச்சிருக்காது. புலிப் பயத்துல பகல்லதான் குட்டியைச் சுமந்து வெளிய வரும். ரெண்டு வருஷம் கூடவே வச்சிருக்கும்."

தாய் சட்டென்று பின்னங்காலில் எழுந்து மூக்கைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தது. மூச்சை அடக்கினேன். காற்று எங்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. சுபத்ரா என்னைச் சுற்ற வைத்தது இந்த இடத்துக்குத்தான். எங்கள் வாடை கரடிக்குப் போகாத பக்கம், குகையிலிருந்து தள்ளி. கரடி இறங்கி மெல்ல நடந்து மறைந்தது.

நான் ஒரே ஒரு படம் எடுத்திருந்தேன்.

"போனு படத்துல இடம் காட்டும் அல்லே?" என்றாள்.

காட்டும். அவள் கண்ணெதிரே அழித்தேன். அழித்த படங்கள் தங்கும் இடத்தையும் திறந்து காட்டச் சொன்னாள். அங்கேயும் அழித்தேன். அப்போதும் அவள் என்னை முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. ஆட்டோ வரை கூட வந்தாள், வண்டி எண்ணைப் பார்த்துக்கொண்டாள்.

நாலு மணி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் என் காலில் ஒட்டிய சேற்றைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார்.

"காட்டுக்கா? கரடி ஏதும் கண்டதா? எந்தப் பக்கம்?"

சாதாரணமாகத்தான் கேட்டார். வெள்ளைச் சட்டை, மடியில் பலாப்பழம்.

"ஒண்ணும் இல்ல சேட்டா. உண்ணி கடிச்சதுதான் மிச்சம்."

நெடுமங்காட்டில் அவர் இறங்கிப் போகும்வரை ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தேன்.